ஒரே மதில், இரண்டு முடிவு: வலைப்பின்னல் கோட்பாட்டைச் செஞ்சியில் எடைபோடுதல்

1964இல் 'மேன்' இதழில் எம்.என். சீனிவாசும் ஆந்த்ரே பெத்தெயும் சேர்ந்து எழுதிய கட்டுரை நாலைந்து பக்கத்துக்கு மேல் போகாது. இந்தியச் சமூகத்தைச் சாதி, கிராமம், கூட்டுக்குடும்பம் என்று குழுக்குழுவாகப் பிரித்து விளக்கிய மானிடவியல், குழுக்களின் எல்லையைத் தாண்டி ஓடும் தனிமனித உறவுகளைக் கோட்டைவிடுகிறது என்பது அதன் வாதம். கட்டுரையின் பலம் அதன் அடக்கம். குழுவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வலைப்பின்னலை உட்கார வைக்க அது முயலவில்லை. குழுவைப் பார்க்கும் கண்ணோடு இன்னொரு கண்ணும் தேவை என்றது, அவ்வளவே. பின்வந்த அறுபது ஆண்டுகளில் அந்த அடக்கம் தொலைந்துபோயிற்று. சமூகத்தை வலைப்பின்னலாக வரைந்து பார்க்கலாம் என்பது முறையியல் கூற்று. சமூகம் என்பதே வலைப்பின்னல்தான் என்பது மெய்ப்பொருள் கூற்று. முன்னதற்குக் கிடைத்த சான்றைக் காட்டிப் பின்னதை நிலைநாட்டிக்கொள்ளும் பழக்கம் துறையில் ஊறிவிட்டது.

இரண்டையும் பிரித்து எடைபோட ஓர் இடம் வேண்டும். செஞ்சி அதற்குப் பொருந்தும். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்துக் கைமாறிய கோட்டை அது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாருக்கு யார் உறவு, யாருக்கு யார் பகை, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு தலைகீழானது. மதிலில் அவ்வப்போது கல் ஏறியதே தவிர, ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் அவற்றைச் சேர்த்து ஓடும் சுவரும் அப்படியே நின்றன. கல்லை நிலையாக வைத்துக்கொண்டு உறவை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பை வரலாறு அடிக்கடி தருவதில்லை.

கோட்பாட்டின் வம்சாவளி வாசகர் அறிந்ததுதான். மதிப்பீட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் தொடுகிறேன். ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் 'உறவுகளின் பின்னல்' என்றது வெறும் உருவகம். நார்வேயின் பிரெம்னெஸ் தீவில் களப்பணி செய்த ஜே.ஏ. பார்ன்ஸ் 1954இல் அதைக் கருத்தாக்கமாக்கினார்: ஊர் நிர்வாகத்துக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் வெளியே, தலைமையோ எல்லையோ இல்லாத மூன்றாவது உறவுப்புலம் ஒன்று இருக்கிறது என்றார். லண்டனில் இருபது குடும்பங்களை ஆராய்ந்த எலிசபெத் பாட் 1957இல் அதைக் கருதுகோளாக்கினார்: ஒரு தம்பதியின் சுற்றத்தார் தங்களுக்குள்ளும் நெருங்கிப் பழகுபவர்களாக இருந்தால், கணவன் வேலை வேறு, மனைவி வேலை வேறு என்ற பிரிவு கடுமையாகும். மூன்றில் பாட் செய்ததே பெரிது. தவறென்று நிரூபிக்கப்படக்கூடிய கூற்றை இந்தக் கோட்பாடு முதலில் ஈன்றது அவர் கையில்தான். பிறகு ஹார்வர்டில் ஹாரிசன் ஒயிட்டும் அவர் மாணவர்களும் கணிதத்தைக் கொண்டுவந்தார்கள். துல்லியம் கூடியது, கோட்டின் பொருள் மங்கியது. மாமன் மச்சான் உறவும் கந்துவட்டி உறவும் படத்தில் ஒரே தடிமனில் விழுந்தன. எமிர்பேயரும் குட்வினும் 1994இல் வைத்த குற்றச்சாட்டு, பண்பாடும் மனிதரின் செயல்திறனும் இந்தப் படங்களில் காணாமல் போகின்றன என்பது. குற்றச்சாட்டு நியாயமானது, களத்தில் செய்துகாட்டும் பொறுப்பை மட்டும் அவர்கள் பிறருக்கு விட்டுவிட்டார்கள்.

இனி செஞ்சி. மராட்டிய மன்னர் சம்பாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1689இல் ராய்கட்டிலிருந்து தப்பிய அவர் தம்பி ராஜாராம் பன்ஹாலா வழியாகத் தெற்கே வந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். 1690 செப்டம்பரில் ஜுல்பிகர் கான் முகலாயப் படையோடு கோட்டையின் கீழே வந்து இறங்கினார். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். அதே கோட்டையில் பதினாறு ஆண்டு கழித்து, புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங், நம் வழக்கில் தேசிங்கு ராஜன், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்தார். 1714 அக்டோபரில் மதிலுக்கு வெளியே நடந்த ஒரே சண்டையில் மாண்டார். ஒருவருக்கு ஏழு ஆண்டுக்கு மேல். மற்றவர் ஆட்சியே சில மாதம்.

இந்த வேறுபாட்டுக்குக் கல்லைக் காரணம் காட்ட முடியாது. ஜதுநாத் சர்க்கார் காட்டுவது குணத்தை: ஜுல்பிகர் கான் உள்ளூர எதிரியோடு கைகோத்திருந்தார், அதனால்தான் முற்றுகை இழுத்தது என்பது 'ஔரங்கசீப்பின் வரலாறு' ஐந்தாம் தொகுதியின் சாரம். தகவலில் சர்க்காரை மிஞ்ச ஆளில்லை. விளக்கத்தில் அவர் ஒழுக்கத் தீர்ப்போடு நின்றுவிடுகிறார். துரோகம் என்று பெயர் சூட்டிவிட்டால், அந்தத் துரோகம் அத்தனை ஆண்டு எப்படி நிலைத்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகும்.

வலைப்பின்னல் கண்ணோட்டம் மேலான பதில் தருவது இங்கேதான். ராஜாராமின் உறவுகளை வரைந்து பாருங்கள். மேற்கே, மகாராஷ்டிரத்தைத் தாங்கிப் பிடித்த இராமச்சந்திர பந்த் அமாத்தியா. இடையே, முகலாயரின் தானிய வழியை அறுத்துக்கொண்டு 1692 இறுதியில் செஞ்சிக்கு வந்துசேர்ந்த சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும். தெற்கே, தஞ்சையில் சிற்றப்பன் வழித் தாயாதி சகஜி. கடற்கரையில், 1690இல் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய சென்னை ஆங்கிலேயர். புதுச்சேரியில் பிரான்சுவா மார்த்தேன். முற்றுகையிட்டவர் கூடாரத்திலும் கோடுகள் நுழைகின்றன: ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் ராஜாராமோடு இரகசியமாகப் பேசியதற்காக 1693 தொடக்கத்தில் சொந்தத் தளபதிகளாலேயே சிறைவைக்கப்பட்டார். கடைசியில் ராஜாராம் தப்பிச் செல்ல, முகலாயர் பக்கம் இருந்த கணோஜி ஷிர்க்கே, சிவாஜியின் மருமகன், உதவினார் என்பது மராட்டிய மரபுச் செய்தி. முற்றுகைக் கோடு என்று நாம் நினைப்பது நடப்பில் பேரம் நடக்கும் சந்தையாக இருந்திருக்கிறது.

தேசிங்கின் பக்கம் இப்படி வரைய முயன்றால் கை நின்றுவிடுகிறது. தந்தையின் பதவியின்மீது ஓர் உரிமைக் கோரிக்கை, விசுவாசமான சிறு குதிரைப்படை, உயிர் நண்பன். கதைப்பாடலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: நண்பன் மோவுத்துக்காரனும் நீலவேணிக் குதிரையும் இளம் மனைவியும்தான் அந்த உலகம். நெகிழ்ந்த உறவுகளே தொலைவிலிருந்து செய்தியும் வாய்ப்பும் கொண்டுவரும் என்று 1973இல் மார்க் கிரானவெட்டர் வாதிட்டார். கதைப்பாடலோ நெருங்கிய உறவை மட்டுமே பாடத் தெரிந்தது. பாடலின் மகத்துவமும் அதுதான், அதன் நாயகனின் அழிவும் அதுதான். (பாரசீக ஆவணங்களையும் பாடலையும் அருகருகே வைத்து சஞ்சய் சுப்ரமணியம் 1999இல் எழுதிய கட்டுரை இதைத் தொடாமல் விட்டது ஒரு குறை, ஆனால் அவர் கேள்வி வேறு, தேஜ் சிங் எப்படித் தேசிங்கு ஆனார் என்பது.)

இவ்வளவும் கோட்பாட்டுக்குச் சாதகம். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். முதலாவது, இரண்டே நேர்வுகளை வைத்து விதி செய்ய முடியாது. ராஜாராம் ஓர் அரசின் தலைவர், தேசிங்கு ஒரு கோட்டைத் தலைவரின் மகன். இரண்டாவது, உறவின் இருப்பு உதவியின் இருப்பு ஆகாது. ராஜாராம் செஞ்சிக்கு வந்தபோது கோட்டை சிவாஜியின் மகள் அம்பிகாபாய் கையில் இருந்தது. கணவர் ஹர்ஜி மகாதிக் சற்று முன்புதான் இறந்திருந்தார். தம்பிக்குக் கோட்டையைத் திறந்துவிட அக்காள் தயங்கினாள். படத்தில் இதைவிட நெருக்கமான கோடு இல்லை. நடப்பில் அதுவே முதல் தடை. மூன்றாவது ஆட்சேபம் எல்லாவற்றிலும் கனமானது. 1697இலும் கோடுகள் எல்லாம் அறுந்துவிடவில்லை. பிறகு கோட்டை ஏன் விழுந்தது? பாதுஷா ஔரங்கசீப்பின் சந்தேகம் முற்றியது. ஜுல்பிகர் கான் வெற்றியைக் கண்ணில் காட்டியாக வேண்டிய நிலை வந்தது. ஆணை பிறந்தது. ஆணையையும் ஓர் இணைப்பு என்று வரைந்துவிடலாம்தான். ஆனால் மற்ற கோடுகளையெல்லாம் அறுக்க வல்ல இணைப்பை அவற்றோடு ஒன்றாக எண்ணிவிட்டால், அதிகாரம் என்ற பொருளே படத்திலிருந்து விழுந்துவிடும். நீடித்ததற்குக் காரணம் சொல்லத் தெரிந்த கோட்பாட்டுக்கு முடிந்ததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒப்பிட வேண்டிய சாதனை ஜான் பேட்ஜெட், கிறிஸ்டோபர் ஆன்செல் இருவரும் 1993இல் வெளியிட்ட மெடிசி குடும்பம் பற்றிய ஆய்வு. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபுளோரன்சின் 92 குடும்பங்களின் திருமணம், வணிகம், கடன், குடியிருப்பு உறவுகளை அவர்கள் தனித்தனியே அடுக்கினார்கள். கோசிமோ மெடிசியின் ஆதரவாளர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல், அவர் வழியாக மட்டுமே இணைந்திருந்ததைக் காட்டினார்கள். அந்த நிலையில் இருப்பவரின் ஒரே செயலைப் பலர் பலவிதமாகப் படிப்பார்கள். அவர் எதற்கும் பிடிகொடுக்க வேண்டியதில்லை. ஜுல்பிகர் கான் நினைவுக்கு வராமல் போகமாட்டார். பாதுஷாவுக்கு அவர் தாமதம் எச்சரிக்கை, ராஜாராமுக்கு அது நட்பு, கடற்கரை வணிகருக்கு அது விலைபேசும் அவகாசம். ஒப்புமை கவர்ச்சியானது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் பேட்ஜெட்டிடம் எண்ணத்தக்க பதிவுகள் இருந்தன. நம்மிடம் இருப்பவை, முகலாயத் தளபதி தள்பத் ராவ் புந்தேலாவின் கீழ்ப் பணியாற்றிய பீம்சேனின் பாரசீக நினைவுக்குறிப்பு, மார்த்தேனின் நினைவேடு, சென்னைக் கோட்டையின் கடிதங்கள். அவரவர் தமது சன்னலிலிருந்து பார்த்தவை. இவற்றிலிருந்து ஒரு வரைபடம் செய்தால், செஞ்சி தர்பாரின் உறவு அடர்த்தியை அது காட்டாது, நம் சான்றுகளின் அடர்த்தியைத்தான் காட்டும். தானியம் பறிகொடுத்த சுற்றுவட்டாரக் குடியானவர் ஒருவரும் அந்தப் படத்தில் முடிச்சாக வரமாட்டார். தரவு எழுத்தறிந்தவரோடு நின்றுவிடுவதைச் சமூகம் அங்கே முடிவதாகப் படித்துவிடும் ஆபத்தை அளவையியல் ஆய்வுகள் பொதுவாகக் குறைத்து மதிப்பிடுகின்றன.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்கள்' இதே சிக்கலின் இன்னொரு முகம். பன்னிரண்டு கோட்டைகள்; பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. தனித்தனிக் கோட்டைகளாக அல்லாமல் ஒரே பாதுகாப்பு அமைப்பின் உறுப்புகளாக இவற்றைக் காண வேண்டும் என்பது முன்மொழிவின் வாதம். இதன் நன்மை உண்மையானது: செஞ்சியைத் தேசிங்கின் சோகக் கதைக்குள் மட்டும் அடைத்துவைத்த ஊர்ப் பழக்கத்திலிருந்து அதை வெளியே எடுக்கிறது. குறையும் உண்மையானதே. சால்ஹேர், ராய்கட், பிரதாப்கட் ஆகியவை நெடுங்காலம் ஒன்றையொன்று நம்பி நின்றவை. செஞ்சி அந்த அமைப்போடு இணைந்திருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோராண்டு. இன்று கோட்டைக்குள் நடந்து காணும் கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவை நாயக்கர் காலப் பணி. மசூதி சாதத்துல்லா கானுடையது. ஓர் அமைப்பின் முடிச்சாக மட்டும் செஞ்சியைப் பார்த்தால், அதே கல்லில் குறுக்கே ஓடும் மற்ற அமைப்புகள் அடிக்குறிப்பாகிவிடும். வலைப்பின்னலின் எல்லையை வரைவது வலைப்பின்னல் அல்ல, வரைபவர்தான் என்று லாமனும் அவர் சகாக்களும் 1983இலேயே எச்சரித்தார்கள். பட்டியலில் இடம்பெற்றது செஞ்சிக்குத் தகும். பட்டியலின் தலைப்பு செஞ்சிக்குப் போதாது.

தரகர்களின் நிலைமைக்கு வருகிறேன். இரு கூட்டத்தாருக்கு இடையே இணைப்பில்லாத இடைவெளியில் நிற்பவருக்கே ஆதாயம் என்பது ரொனால்ட் பர்ட் 1992இல் வகுத்த சூத்திரம். செஞ்சி நாயக்கரின் கடற்கரை இதற்கென்றே செய்துவைத்த சான்று போல் இருக்கும். டச்சுக்காரருக்குத் துணி கொள்முதல், நாயக்கருக்கு வரிக் குத்தகை, இடையே சொந்தக் கப்பல் என்று மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தார் 1634இல் இறந்த அச்சுதப்பச் செட்டி. டச்சு ஆவணங்களில் 'மலையா'. அவருக்குப் பின் தம்பி சின்னண்ணச் செட்டி. இவர்களைப் போன்றவர்களுக்கு சுப்ரமணியமும் சி.ஏ. பெய்லியும் 1988இல் 'போர்ட்ஃபோலியோ முதலாளிகள்' என்று பெயரிட்டார்கள். வலைப்பின்னல் கலைச்சொல் ஒன்றும் இல்லாமலே பர்ட்டைவிட நன்றாக அந்த இடத்தை விளக்கினார்கள் என்பது என் கணிப்பு. காரணம், பர்ட் இடைவெளியைக் கொடுக்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறார்; அவர்கள் அதை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்கிறார்கள். கும்பினிக்குத் தமிழ் தெரியாததும், நாயக்கருக்கு ரொக்கம் உடனே வேண்டியிருந்ததும் இயற்கை நியதிகள் அல்ல. அவை படைபலமும் வரிமுறையும் செய்த வேலை.

காலத்தை வைத்துப் பார்த்தாலும் சூத்திரம் தள்ளாடுகிறது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைவிட ஒரு தரகரின் உள்ளிருந்து கிடைக்கும் சாட்சியம் அரிது. 1747இல் அவர் புதுச்சேரியின் தலைமைத் துபாஷி. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தபோது அவர் பதவியின் உச்சம். ஆளுநர் துப்ளேக்ஸ் போனபின் அதே இடைவெளியில், அதே திறமையோடு நின்றவருக்குச் செல்வாக்கு கரைந்தது. இடம் மாறவில்லை, அந்த இடத்துக்கு மதிப்புக் கொடுத்த ஆட்சி மாறியது. அமைப்பில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பர்ட் அழகாக அளக்கிறார். அந்த அமைப்பை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற அளவுகோல் அவரிடம் இல்லை.

மானுவல் காஸ்டெல்சும் புரூனோ லத்தூரும் இந்தக் கணக்கில் நீண்ட இடம் கோரமுடியாது. வலைப்பின்னலைத் தகவல் யுகத்தின் தனித்த வடிவமாகக் காண்கிறார் காஸ்டெல்ஸ். மாலுமியின் கடிதத்தையும் உண்டியலையும் நம்பி மூன்று கண்டத்தோடு பேசிய சோழமண்டலக் கடற்கரையை அந்தக் கால எல்லை விளக்காது. லத்தூர் பொருள்களுக்கும் செயல்திறன் தருகிறார். குன்றும் மதிலும் முற்றுகையில் பங்காளிகள் என்று சொல்ல அது வழிவிடுகிறது. பங்காளிகளுக்குள் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் மெலிகிறது.

கோட்பாட்டின் கடுமையான தேர்வு இன்றைய ஊர்களில் நடக்கிறது; வினா கடன். 2013இல் பானர்ஜி, சந்திரசேகர், டுஃப்லோ, ஜாக்சன் நால்வரும் வெளியிட்ட கர்நாடக ஆய்வு அளவையியலின் உச்சங்களில் ஒன்று. 75 ஊர்களில் யார் வீட்டுக்கு யார் போவார்கள், அரிசியும் மண்ணெண்ணெயும் யாரிடம் கடன் வாங்குவார்கள், யாரோடு கோயிலுக்குப் போவார்கள் என்று கேட்டு வரைந்தார்கள். அவற்றில் 43 ஊர்களில் நுண்கடன் நிறுவனம் நுழைந்தபோது செய்தி எப்படிப் பரவியது என்று பார்த்தார்கள். முதலில் செய்தி சொல்லப்பட்டவர் வலையில் எங்கே இருந்தார் என்பது, எத்தனை பேர் கடன் எடுத்தார்கள் என்பதை முன்னறிவித்தது. முறை மாசற்றது, கேள்வி குறுகியது. கடன் இங்கே பரவும் செய்தி மட்டுமே. அது பிறகு யார் தோளில் உட்காருகிறது என்பது ஆய்வின் கவலையன்று.

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் நடத்திவரும் தொடர் கணக்கெடுப்பு இதற்கு மாற்று. 2010இல் பத்து ஊர்களில் 405 குடும்பங்கள், 2016-17இல் 492, 2020-21இல் மீண்டும் ஒரு சுற்று. பழைய குடும்பங்களையே தேடிப்பிடித்துத் திரும்பக் கேட்பதால் கோடுகளுக்குக் காலம் கிடைக்கிறது, சாதி தெரிகிறது, செங்கல் சூளைக்கு முன்பணம் கொடுக்கும் மேஸ்திரி தெரிகிறார். ஆனாலும் வினாத்தாளின் வரம்பு வரம்புதான். உங்களுக்கு உதவுபவர் யார் என்று கேட்டால், சொல்லக்கூடிய பெயரைத்தான் ஒருவர் சொல்வார். செஞ்சிப் பக்கத்துக் கல்யாண மண்டப வாசலில் எழுதப்படும் மொய் நோட்டு இந்த விஷயத்தில் நேர்மையானது: பெயர், ஊர், தொகை, திருப்பிச் செய்ய வேண்டிய கடமை, எல்லாம் ஒரே வரியில். அதிலும்கூட வெட்கப்படும் கடன்கள் ஏறுவதில்லை.

அந்த வெட்கத்துக்குள் நுழைந்த நூல், இசபெல் கெரன், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் மூவரும் 2023இல் வெளியிட்ட 'தி இன்டெட்டட் வுமன்'. தென்னாற்காட்டுத் தலித் பெண்களோடு பல ஆண்டு பழகிப் பெற்றது. கடன் கேட்பது, வாங்குவது, ஒன்றை அடைக்க இன்னொன்றைப் புரட்டுவது, வசூலுக்கு வருபவருக்கு முகம் கொடுப்பது ஆகியவை பெண்ணின் உழைப்பு என்று நூல் நிறுவுகிறது. குழுக்கடன், நகை அடகு, கைமாத்து, வட்டிக்காரர் என்ற வகைகளுக்கு இடையே அவள் நடத்தும் சமாளிப்பில் உடலும் மானமும் பிணையாகின்றன என்பதைத் தயங்காமல் எழுதுகிறது. கோடுகளின் எண்ணிக்கையில் இரு பெண்கள் சமமாக இருக்கலாம். ஒருத்திக்கு அது கைதூக்கி விடும் கயிறு, மற்றவளுக்குக் கழுத்துக் கயிறு. அளவையியல் ஐம்பது ஆண்டாக எழுத மறந்த வேறுபாட்டை இந்த நூல் எழுதிவிட்டது. வலைப்பின்னல் என்ற சொல்லை மூலதனமாக்காமலேயே செய்தது என்பது கூடுதல் சிறப்பு. குறையும் சொல்ல வேண்டும்: ஒரு வட்டாரத்துச் சில ஊர்ப் பெண்களிடம் கண்டதிலிருந்து முதலாளியத்தின் பொது இயல்புக்குத் தாவும் இடங்களில் இடைப்படிகள் போதவில்லை. அதே ஊர்களின் கணக்கெடுப்புத் தரவை இன்னும் நெருக்கமாகப் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அந்தப் படிகளில் சிலவாவது கிடைத்திருக்கும். எலிசபெத் பாட்டின் இருபது குடும்பங்களுக்குப் பிறகு, உறவின் வடிவத்தையும் எடையையும் ஒரே மேசையில் வைக்க இத்தனை அருகில் வந்த வேறொரு முயற்சியை நான் படித்ததில்லை. தரவை ஒரு கையிலும் இந்த நூலை மறு கையிலும் வைத்துக்கொண்டு அடுத்தவர் தொடங்க வேண்டும்.